பேர்ல்ஸ் கொடியின் உச்சியில் மண் தெரிகிறது. வெட்டித் தண்ணீரில் வைப்பதா, மண்ணில் நடுவதா?

ஜன்னல்கொடி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ் தொங்குதொட்டி இருக்கிறது. கொடிகள் நன்றாகவே இறங்கியிருக்கின்றன, நீளமானது இரண்டு முழம் வரும். நுனிகளில் புது மணிகளும், அதாவது அதன் உருண்டை இலைகளும், வந்துகொண்டேதான் இருக்கின்றன. பிரச்சினை மேலேதான். தொட்டியின் வாயில் பாதிக்கு வெறும் மண். விளிம்பை ஒட்டியிருக்கும் தண்டுகளில் மணியே இல்லை, மெலிந்து பழுப்பேறிக் கிடக்கின்றன. கீழிருந்து பார்க்கிறவர்கள் ஆகா என்கிறார்கள். நாற்காலி போட்டு ஏறிப் பார்க்கும் எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

தொட்டி கிழக்குப் பார்த்த ஜன்னலின் மேல்சட்டத்தில், கூரைக்குக் கொஞ்சம் கீழே கொக்கியில் தொங்குகிறது. மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர் விடுகிறேன்.

நீளமான கொடிகளை வெட்டி இதே தொட்டியை அடர்த்தியாக்கி, மிச்சத்தில் புதுத் தொட்டி ஒன்றும் போட ஆசை. தண்ணீரில் வேர்விட வைத்து நடுவது நல்லதா, நேரே மண்ணில் வைப்பது நல்லதா? வெட்டியதை எத்தனை நாள் காயவிட வேண்டும்? உதிர்ந்த மணிகளை மண்ணில் தூவினால் முளைக்குமா? பக்கத்திலேயே ஸ்ட்ரிங் ஆஃப் ஹார்ட்ஸ், டாங்கி டெயில் என்ற இரண்டு தொங்குசெடிகளும் இருக்கின்றன. அவற்றுக்கும் இதே முறைதானா?

அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

நீர்க்குடுவை

நான் எப்பவும் தண்ணிலதான் வைக்கிறது. வேர் வர்றதைக் கண்ணால பார்க்கலாம், சந்தேகமே இல்லாம நடலாம். கத்தரிக்கோலை நல்லா துடைச்சிட்டு நுனியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்க. அடியில ரெண்டு மூணு கணுவுல இருக்கிற மணியை மட்டும் கிள்ளி எடுத்துடுங்க. அந்த வெறும் கணு மட்டும்தான் தண்ணிக்குள்ள இருக்கணும். மணி ஒண்ணு முங்கினாலும் அது கூழாகித் தண்ணியையே கெடுத்துடும். வாய் குறுகலா இருக்கிற குட்டி பாட்டில் போதும், கொடி வழுக்கி உள்ளே விழாது. ரெண்டு மூணு நாளைக்கு ஒருதரம் தண்ணி மாத்துங்க. பாட்டில்ல பாசி பிடிச்சா ஒரு காகிதத்தைச் சுத்தி வெச்சுடுங்க, வெளிச்சம் பட்டாத்தானே பாசி.

வேர் ஒரு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாத்திடணும். ரொம்ப நீளமா வளரவிட்டா நடும்போது உடையும். ஹார்ட்ஸும் இதே மாதிரி தண்ணில சூப்பரா வரும். டாங்கி டெயில் மட்டும் தண்ணில வைக்காதீங்க, அதுக்கு இலையே போதும்.

மாடத்துப்பச்சை

ஜன்னல்கொடி, நீங்கள் கேட்டது இரண்டு வழி. நான் மூன்றாவதைத்தான் சொல்லப்போகிறேன். முதலில் எதையும் வெட்டாதீர்கள். பதியம் போடுங்கள்.

இந்தக் கொடிகளை நாம் தொங்கவிட்டே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் பேர்ல்ஸின் சொந்த ஊரில் அது தொங்குவதில்லை. தென்னாப்பிரிக்காவில், புதர்களின் நிழலிலும் பாறைகளின் மறைவிலும் தரையோடு தரையாகப் படர்கிற செடி அது. தண்டு மண்ணைத் தொடும் இடத்திலெல்லாம் வேர் பிடித்து, அங்கிருந்து அடுத்த எட்டு எடுத்து வைத்து, அப்படியே ஒரு பாயாக விரிந்துவிடும். வேர்விடுவதற்கு அதற்கு வெட்டும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம். மண்ணைத் தொட்டால் போதும். தொங்குதொட்டியில் நாம் தராதது அந்த ஒன்றைத்தான்.

இதை நம்புவதற்கு ஒன்று செய்யுங்கள். ஒரு கொடியை விரலில் ஏந்தி, நல்ல வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மணி தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய முடிச்சு இருக்கும். அதுதான் கணு. சில கணுக்களில், தண்டின் மறுபக்கத்தில், ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக ஒரு புடைப்பு தெரியும். அது பூச்சி இல்லை, நோயும் இல்லை. வெளியே வரக் காத்திருக்கும் வேர். ஈரமான காற்று பட்டால் சில நேரம் அந்தரத்திலேயே கால் அங்குலம் நீண்டுவிடும், மண் கிடைக்காவிட்டால் காய்ந்துபோகும். எனக்கு இந்தச் செடிமேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அந்த வெள்ளைப் புள்ளிகள்தான் காரணம்.

இனி செய்முறை. தொட்டியில் மண் விளிம்பைவிட ரொம்பத் தாழ்ந்திருந்தால் முதலில் அதை உயர்த்துங்கள், விளிம்புக்குக் கீழே ஒரு செண்டிமீட்டர் இருந்தால் போதும். தாழ்ந்த மண்ணில் வெளிச்சமும் இறங்காது, காற்றும் தேங்கும். ஆனால் பழைய தண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பும் இடத்தை மூடிவிடாதீர்கள், வெற்றிடங்களில் மட்டும் நிரப்புங்கள். கலவையில் பாதி கழுவிய தென்னைநார்த்தூள், மறுபாதி பெர்லைட் என்கிற எடை குறைந்த வெள்ளைக் குருணைக்கல் அல்லது கரகரப்பான ஆற்றுமணல். நார்த்தூளைக் கழுவச் சொல்வது உப்புக்காக. கடல்மணல் வேண்டவே வேண்டாம், அதுவும் உப்புதான்.

மண்ணை லேசாக ஈரமாக்குங்கள். பிறகு நீளமான கொடி ஒன்றைத் தூக்கி, வெற்றிடத்தில் வட்டமாக வளைத்துப் படுக்கவையுங்கள். மணிகள் மேலே, தண்டு கீழே. தண்டு மண்ணைத் தொட வேண்டும், ஆனால் மணி புதையக் கூடாது. புதைந்த மணி அழுகும், அழுகல் அங்கிருந்து கணுவுக்குப் போகும். கொடி எழும்பி நிற்கிற இடங்களில் கொண்டை ஊசியை விரித்துக் கவ்வவிடுங்கள். காகிதம் செருகும் கம்பிக் கிளிப்பை வளைத்தாலும் சரி. இதில் அவசரப்பட்டு இறுக்காதீர்கள், தண்டு நசுங்கிவிடும்.

இப்படி வளைத்த கொடிக்குத் தாய்வேரிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால் வேர் வரத் தாமதமானாலும் வாடாது. வெட்டிய துண்டுக்கும் பதியத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். வெட்டிய துண்டு தன் மணிகளில் இருக்கும் நீரைச் செலவழித்து வேர்விட வேண்டும். பதியம் போட்டதற்கு அந்தப் பதற்றம் இல்லை.

மூன்று நான்கு வாரத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். தண்டு மண்ணோடு பிடித்திருந்தால் வேர் இறங்கிவிட்டது. இன்னும் நிச்சயமான அடையாளம், படுத்திருக்கும் கொடியின் கணுவிலிருந்து பச்சையாக ஒரு பக்கத்தளிர் கிளம்புவது. உச்சி அடர்த்தியாவது அந்தத் தளிர்களால்தான். புதுத் தொட்டி வேண்டுமானால், அதைப் பழைய தொட்டிக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் வைத்து, ஒரு கொடியின் நடுப்பகுதியை அதன் மண்மேல் படுக்கவையுங்கள். தளிர் வந்த பிறகு இடையில் வெட்டிக்கொள்ளலாம்.

ஆனால் இதெல்லாம் செய்தும் தொட்டி அதே உயரத்தில் தொங்கினால் உச்சி மறுபடியும் வெறுமையாகும். ஜன்னலின் மேல்சட்டத்தை ஒட்டித் தொங்கும் தொட்டியின் வாய்க்கு வெளிச்சம் சரியாகப் போகாது. கண்ணாடி வழியாக வரும் ஒளி சாய்ந்து கீழேதான் விழும். கொடியின் நடுவும் நுனியும் வெளிச்சத்தில், தலை இருட்டில். நுனி செழிப்பாக இருந்து மேலே வெறுமையாவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். தொட்டியின் வாய் கண்ணாடியின் பாதி உயரத்துக்கு வரும்படி இறக்குங்கள். ஒவ்வொரு மணியிலும் கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு கோடு இருக்கிறதே, அது சும்மா அழகுக்கு இல்லை. அந்த ஜன்னல் வழியாகத்தான் ஒளி மணியின் உட்புறத்துக்குப் போகிறது. வெயிலில் வெளித்தோல் காய்ந்துபோகாமல், உருண்டையாகச் சுருங்கி இருந்துகொண்டே உள்ளே தன் உணவைச் சமைக்க அந்தச் செடி கண்டுபிடித்த வழி. அதற்கு வெளிச்சம் கொடுக்காமல் தண்ணீரையும் உரத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

உதிர்ந்த மணிகளைத் தூவுவது பற்றிக் கேட்டீர்கள். தூவாதீர்கள். தனி மணி சில சமயம் வேர்கூட விடும், ஆனால் தளிர் வர மொட்டு வேண்டும். மொட்டு இருப்பது கணுவில். கணுவோடு சேர்ந்த ஒரு துணுக்குத் தண்டாவது இல்லாவிட்டால் அந்த மணி பல மாதம் பச்சையாக உட்கார்ந்திருந்துவிட்டுச் சுருங்கிவிடும். மேலே தூவிய மணிகள் ஈரத்தில் அழுகினால் நல்ல கொடிக்கும் கேடு.

நீர்க்குடுவை சொன்ன தண்ணீர் முறையை நான் குறை சொல்லவில்லை. தாய்ச்செடியின் வேர் கெட்டு, அவசரமாகக் கொடியைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அது கைகொடுக்கும். ஆனால் தண்ணீரில் வந்த வேர் மண்ணுக்கு மாறும்போது மறுபடி ஒரு பழக்கம் ஏற்பட வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரம் மண்ணைக் காயவிடாமல் வைத்திருந்து, பிறகு மெல்ல மெல்ல இடைவெளியைக் கூட்ட வேண்டும். சதைப்பற்றுச் செடிதானே என்று நட்ட அன்றே தண்ணீரை நிறுத்தினால் அந்த வேர்கள் காய்ந்துவிடும். வெட்டித்தான் நடுவேன் என்றால் காயவிடும் நேரத்திலும் கவனம் வேண்டும். எல்லாச் சதைப்பற்றுச் செடிக்கும் பொதுவாகச் சொல்கிற மூன்று நான்கு நாள் கணக்கு பேர்ல்ஸின் தண்டுக்கு அதிகம். அது நூலளவு தண்டு, ஓர் இரவு நிழலில் கிடந்தாலே வெட்டுவாய் மூடிக்கொள்ளும்.

இலைக்குருத்து

மாடத்துப்பச்சை அக்கா சொன்ன பதியம் டாங்கி டெயிலுக்குச் சரிவராது என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். அதன் தண்டு கனமானது, வளைத்தால் இலைகள் பொலபொலவென்று உதிரும். கை பட்டாலே உதிர்கிற செடி. ஆனால் உதிர்வதுதான் அதன் பலம். மெக்சிகோவின் பாறைச் சரிவுகளில் தொங்கும் செடி அது. விழுந்த இலை எங்கே தங்குகிறதோ அங்கே இன்னொரு செடி.

ஜன்னல்கொடி, தொட்டிக்கு அடியில் கிடக்கும் இலைகளைப் பொறுக்குங்கள். அடிப்பகுதி முழுதாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். தண்டிலிருந்து கழன்ற இடம் சிறு பிறைபோல் மழமழவென்று இருந்தால் அது முளைக்கும். பாதியில் ஒடிந்து சதை தெரிந்தால் முளைக்காது, எடுத்து எறிந்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, அகலமான தட்டில் மணல் கலந்த மண் பரப்பி அதன்மேல் சும்மா கிடத்துங்கள். குத்திவைக்க வேண்டாம். வேர் வருவதற்கு முன் தண்ணீரும் வேண்டாம், இலையிலேயே வேண்டிய நீர் இருக்கிறது. அடியில் மயிரிழை வேர்கள் வந்ததும் அந்த இடத்தில் மட்டும் லேசாகத் தெளியுங்கள். அதன் பிறகு கடுகளவில் இலைக்கொத்து ஒன்று வரும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன். புதுச்செடி வந்துவிட்டதே என்று பழைய இலையைப் பிய்க்காதீர்கள். குட்டிச்செடிக்கு அதுதான் சாப்பாடு. அது தானே வற்றி, தாள் கனத்துக்குச் சுருங்கி விழும்வரை விட்டுவிட வேண்டும். சீக்கிரம் பெரிய தொட்டி வேண்டுமென்றால் இலை வழி மெதுவானது. நுனித்தண்டை நாலு அங்குலம் வெட்டி, அடி இலைகளைக் கழற்றி, மூன்று நான்கு நாள் காயவிட்டு நடுங்கள். கழற்றிய இலைகளையும் தட்டில் போடலாம், எதுவும் வீணாகாது.

ஜன்னல்கொடி

எல்லோருக்கும் மிக்க நன்றி. தொட்டியை இறக்கிவைத்து நிதானமாகப் பார்த்தேன். மாடத்துப்பச்சை அக்கா, நீங்கள் சொன்ன வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன! இவ்வளவு நாளாகப் பக்கத்திலேயே இருந்தும் கண்ணில் பட்டதில்லை. இரண்டு கொடிகளில் ஒரே வரிசையாக ஐந்தாறு கணுவில் தெரிகிறது.

இன்னும் கொஞ்சம் சந்தேகம். மேலே பழுப்பாக இருக்கும் தண்டுகளில் சில விறைப்பாக இருக்கின்றன, சில தொட்டால் கொழகொழவென்று இருக்கின்றன. இரண்டையும் எடுத்துவிட வேண்டுமா? வீட்டில் பூனை இருக்கிறது, புதுத் தொட்டியைத் தாழ்வான மேசையில் வைக்கலாமா? பதியம் பிடிக்கும்வரை எப்படித் தண்ணீர் விடுவது? ஹார்ட்ஸ் கொடியில் அங்கங்கே சாம்பல்நிற உருண்டைகள் வந்திருக்கின்றன. அது நோயா?

மாடத்துப்பச்சை

ஜன்னல்கொடி, புள்ளிகள் தெரிந்த அந்த இரண்டு கொடிகளையே முதலில் படுக்கவையுங்கள். அவை மற்றவற்றைவிட முந்திக்கொள்ளும்.

விறைப்பான பழுப்புத் தண்டைத் தொடாதீர்கள். அது முதிர்ந்த தண்டு, அதன் வழியாகத்தான் கீழே இருக்கும் நீளக் கொடிக்குத் தண்ணீர் போகிறது. அதை எடுத்தால் நல்ல கொடியும் போய்விடும். கொழகொழ என்று இருப்பது அழுகல். அந்தக் கொடியை மட்டும் மேலே மண்ணிலிருந்து உருவிவிட்டு, கீழிருந்து தொடங்கிப் பச்சையும் உறுதியுமாக இருக்கும் இடம்வரை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறியுங்கள். வெட்டுவாயின் உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் ஒரு கணு தள்ளி வெட்ட வேண்டும். அந்தத் துண்டுகளுக்கு இனிப் பதியம் கிடையாது, ஓர் இரவு காயவைத்து மண்மேல் படுக்கவைக்கலாம், அல்லது நீர்க்குடுவை சொன்னபடி பாட்டிலில் வைக்கலாம். அழுகல் இருந்த இடத்து மண்ணை ஒரு கரண்டியால் வாரி வெளியே போட்டுவிட்டுப் புதுக்கலவை நிரப்புங்கள்.

தண்ணீரை மேலிருந்து குடமாக ஊற்றாதீர்கள். பதியம் போட்ட பகுதியின் மேல்மண் நிறம் வெளிறத் தொடங்கும்போது தெளிப்பானால் மண்ணை நனையுங்கள். மணிகள்மேல் தெளிப்பதால் ஒரு பயனும் இல்லை, வேர் வரப்போவது மண்ணைத் தொடும் பக்கத்தில். வேர் பிடித்த பிறகு பழைய வழக்கத்துக்கு வந்துவிடுங்கள், மண் நன்றாகக் காய்ந்தபின் ஒரே தடவையாக நிறைய. மணியை இரண்டு விரலில் லேசாக அழுத்திப் பார்த்தால் தாகம் தெரிந்துவிடும். கெட்டியாக இருந்தால் இன்னும் நீர் இருக்கிறது, மெத்தென்று அமுங்கினால் நேரம் வந்துவிட்டது. மண் ஈரமாக இருந்தும் மணி அமுங்கினால் அது தாகம் இல்லை, வேரில் கோளாறு. அப்போது தண்ணீர் விட்டால் நிலைமை மோசமாகும்.

பூனை விஷயத்தில் உறுதியாகச் சொல்கிறேன், தாழ்வான மேசை கூடாது. பேர்ல்ஸ் தின்றால் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குழந்தைகளுக்கும் ஆகாது. உருண்டு ஓடுகிற பச்சை மணி என்றால் பூனை விளையாடாமல் இருக்காது. பதியம் போடும்போது உதிர்கிறவற்றையும் அப்போதே கூட்டி எடுத்துவிடுங்கள். புதுத் தொட்டிக்கு உயரத்தில் இடம் இல்லையென்றால், பேர்ல்ஸுக்குப் பதில் ஹார்ட்ஸைப் பெருக்கிக் கீழே வைக்கலாம். அது பூனைக்கு நஞ்சில்லை.

ஹார்ட்ஸில் வந்திருப்பது நோய் இல்லை, கிழங்கு. 1881இல் ஜான் மெட்லி வுட் என்ற தாவரவியலாளர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இந்தக் கொடியைச் சேகரித்தார். 1894இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது அவர் பெயரையே சேர்த்து செரோபீஜியா வூடியை என்று வைத்தார்கள். மண்ணுக்கடியில் ஒரு கிழங்கும், கொடியின் கணுக்களில் குட்டிக் கிழங்குகளும் வைத்து வறட்சியைத் தாண்டுகிற செடி அது. உங்களுக்கு அது கையில் கொடுத்த பதியக்கன்று. சிறு கிண்ணம் ஒன்றில் கலவை நிரப்பி, உருண்டையைக் கொடியோடு இருக்கும்போதே அதன்மேல் வைத்து, பாதி மட்டும் மண்ணில் அமுங்கும்படி ஊசியால் கவ்விவிடுங்கள். முழுதாகப் புதைக்க வேண்டாம். உருண்டையே இல்லாத கொடியாக இருந்தால், இரண்டு இலை எதிரெதிராக இருக்கும் ஒரு கணுவை இருபக்கமும் அரை அங்குலம் விட்டு வெட்டி, செடிக்கடையில் கிடைக்கும் ஸ்பாக்னம் பாசியை ஈரமாக்கி அதன்மேல் தட்டையாக வைத்து மூடிபோட்ட டப்பாவில் வெளிச்சமான இடத்தில் வையுங்கள். நேர்வெயில் மட்டும் படக்கூடாது, மூடிய டப்பாவில் வெந்துவிடும். தினம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று விடுங்கள்.

ஒரே ஒரு முன்னெச்சரிக்கை. ஹார்ட்ஸையும் பேர்ல்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதியம் போடுவதற்கு முன், ஹார்ட்ஸ் இலைக்காம்பின் இடுக்குகளைப் பாருங்கள். மாவுப்பூச்சி பஞ்சாக ஒட்டியிருந்தால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்து, இரண்டு வாரம் தள்ளி வைத்துக் கவனியுங்கள். பேர்ல்ஸின் மணிகளுக்கு இடையில் அது புகுந்துவிட்டால் துடைத்தெடுப்பது ரொம்பக் கஷ்டம்.

கிழங்கிலிருந்து புதுத்தளிர் இரண்டு ஜோடி இலை விட்ட பிறகு கொடியை அறுத்துக்கொள்ளலாம்.